தூக்கினாலும் கீறும் பேனை

விசயதசமியன்று காலை என் பேனைக்குப் பேய் பிடித்தது. கணினியோடு பொருத்திய வரைபலகையில் படுவதற்கு முன்பே, அந்தரத்தில் பிடித்திருக்கும்போதே, திரையில் தடித்த கறுப்புக் கோடு இழுபட்டுக்கொண்டு போனது. மெல்லத் தொட்டால் மெல்லிய கோடும், ஊன்றினால் தடித்த கோடுமாக வரவேண்டிய பேனை அது. கணினியில் படம் கீறுகிறவளுக்கு அதுதான் கை. அன்றைக்கு எப்படிக் கீறினாலும் ஒரே தடிப்பு, தார் ஊற்றிய மாதிரி.

பத்து மணிக்குச் சோதனை. கொழும்பில் ஒரு சிறுவர் புத்தகப் பதிப்பகத்துக்கு ஓவியர் தேவைப்பட்டார். ஒரு வருட வேலை, உரும்பிராயில் என் வீட்டிலிருந்தே செய்யலாம். ஏஐ மெசினைக் கொண்டு படம் செய்து அனுப்புகிறவர்கள் கூடிவிட்டார்களாம். அதனால் அவர்கள் சொல்வதை, அவர்கள் வீடியோவில் பார்த்திருக்கவே கீறிக் காட்ட வேண்டும். இதுவும் சரிவராவிட்டால் மாமாவின் பாமசியில் மருந்து விற்கப் போய் நிற்கிறேன் என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். மாமா நல்ல மனிதர். ஆனால் அந்தப் பாமசியை நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டும்.

முதல் நாள் பின்னேரம் நான் ஒரு விசர் வேலை பார்த்திருந்தேன். விடிந்தால் சோதனை என்று தெரிந்துகொண்டே கணினியை ஓட்டுகிற லினக்ஸைப் புதுப்பித்தேன். புதுப்பித்துவிட்டு ஒரு கோடுகூடக் கீறிப் பார்க்காமல் கோயிலுக்குப் போய், களைத்து வந்து படுத்துவிட்டேன். ஆகவே குற்றவாளி யாரென்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. கோப்பாயில் இருக்கும் பெரியம்மாவின் மகனுக்குப் போன் அடித்தேன். பழைய மடிக்கணினி விண்டோஸைத் தாங்காது என்று சொல்லி லினக்ஸை என் தலையில் கட்டியவர் அவர்தான்.

"அண்ணை, உங்கடை லினக்ஸ் என்ரை வாழ்க்கையை நாசமாக்கிப் போட்டுது."

"காலங்காத்தாலை என்னடி? மவுஸ் வேலை செய்யுதோ?"

செய்தது, ஆனால் கோணல்மாணலாக. பேனை பலகையில் கிடந்தால், மவுஸ் எதைத் தொட்டாலும் அதையும் இழுத்துக்கொண்டு ஓடியது. பேனையைத் தள்ளி வைத்தால் சாதுவாகிவிட்டது. "பேனையை மவுஸ் எண்டு நினைக்குது போலை," என்றார் அண்ணை. அவர் சொல்லச் சொல்ல மவுஸைக் கழற்றினேன். பலகையின் வயரை வேறு துளையில் செருகினேன். பலகையை இயக்குகிற ட்ரைவரை அழித்துத் திரும்பப் போட்டேன். அழுத்தம் என்றிருந்த பெட்டியில் சரி போட்டு, எடுத்து, மறுபடி போட்டேன். கோடு அதே கோடு.

அம்மா தேத்தண்ணியோடு வந்தார். "பிள்ளை, இண்டைக்கு நல்ல நாள். குடிச்சிட்டுத் தொடங்கன்."

"அம்மா, இப்ப ஒண்டும் கதைக்காதேங்கோ!" என்று கத்தினேன். கோப்பையை வைத்துவிட்டு, ஏதோ கேட்க வந்தவர் போல நின்று, பிறகு கதவுப் பக்கம் போனார்.

அம்மாவுக்கு இது ஒரு தொழிலாகவே படவில்லை என்ற கோபம் எனக்கு எப்போதும் உண்டு. ஒவ்வொரு சரசுவதி பூசைக்கும் மண்வெட்டிக்கும் தையல் மெசினுக்கும் தண்ணீர் இறைக்கிற மெசினுக்கும் சந்தனப் பொட்டு வைப்பார். பலகை வாங்கிய வருடம் அதையும் கொண்டுபோய் நீட்டினேன். "உது விளையாட்டுச் சாமான், அங்காலை வை," என்றார். அதற்குப் பிறகு நான் நீட்டவில்லை.

"புதுப்பிக்க முந்தி இருந்த லினக்ஸ் இன்னும் உள்ளுக்கை இருக்கும்," என்றார் அண்ணை. "நிப்பாட்டிப்போட்டு அதிலை திறந்து பார்." கணினி ஆடி அசைந்து எழும்ப ஒன்பதரை தாண்டிவிட்டது. பழையதிலும் அதே தார்க்கோடு. அண்ணை ஒரு கட்டளையை எழுத்தெழுத்தாகச் சொல்லி அடிக்கவைத்தார். பேனையின் அழுத்தம் எண்ணாகத் திரையில் ஓடத் தொடங்கியது.

"இப்ப பேனையைத் தூக்கு. பலகையிலை முட்டாமல் பிடி. பூச்சியமோ?"

"எங்கை பூச்சியம்! உச்சியிலை நிக்குது."

"ஒண்டிலையும் முட்டேல்லையோ?"

"இல்லையெண்டு சொல்லுறன் எல்லோ!"

"அப்ப லினக்ஸ் பாவமடி. பேனை சொல்லுறதைத்தான் அது சொல்லுது. பேனைதான் அமத்தினபடி கிடக்கு. முனையைப் பார்."

முனையை நகத்தால் அழுத்தினேன். அசையவில்லை. புருவம் எடுக்கிற சாவணத்தால் பிடித்து இழுத்தேன். ஒட்டிக்கொண்டு நின்று, திடீரென்று கழன்று வந்தது. கூடவே மஞ்சளாய்க் கொஞ்சம் தூள் மேசையில் கொட்டியது. மணந்து பார்த்தேன். சந்தனம்.

"அம்மா!"

அவர் கதவடியிலேயே நின்றிருந்தார். சேலைத் தலைப்பு கைக்குள் சுருண்டிருந்தது.

"நான்தான் வைச்சனான், பிள்ளை. நேற்று நீ கோயிலுக்குப் போன நேரம் பூசையிலை வைச்சு முனையடியிலை பொட்டும் வைச்சனான். நீ கண்டால் நக்கலடிப்பாய் எண்டு விடியப்புறம் துடைச்சு, இருந்த இடத்திலை வைச்சிட்டன். உள்ளுக்கை போகுமெண்டு எனக்குத் தெரியுமோ?"

"விளையாட்டுச் சாமான் எண்டனீங்கள்!"

"எண்டனான்தான். ஆனால் நீ உதோடைதானே இரவுபகலாய் மாயிறாய். தொழிலெல்லே."

அவரைப் பார்த்தால் அழுதுவிடுவேன் என்று பேனையைப் பார்த்தேன். "தண்ணி விட்டிடாதை!" என்று போனுக்குள் அண்ணை கத்தினார். அம்மா பழைய பல்துலக்கும் பிரஷ் ஒன்றைத் தேடிக் கொண்டுவந்தார். அவர் பேனையைப் பிடித்திருக்க, நான் துளைக்குள் சுரண்டி ஊதினேன். முனையைத் திரும்பச் செருகினேன். அழுத்தினால் போய் வந்தது. பேனையைத் தூக்கினேன். பூச்சியம்.

மூச்சு விடுவதற்குள் வீடியோ அழைப்பு வந்துவிட்டது. மழைக்குள் பள்ளிக்கூடம் போகும் ஆட்டுக்குட்டி ஒன்றைக் கீறச் சொன்னார்கள். காது மெல்லிசாக வந்தது. குளம்பை ஊன்றிக் கீறினேன், தடிப்பாக வந்தது. அதற்குப் பிறகு நான் பேனையை நினைக்கவே இல்லை. முடிவில் அவர்கள் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டு, திங்கட்கிழமை தொடங்கலாமா என்று கேட்டார்கள்.

அம்மா குசினிக்குள் அடுப்பைப் பார்த்தபடி நின்றார். "சரிவந்ததோ?" என்று திரும்பாமலே கேட்டார்.

"ஓம், அம்மா." கட்டிப்பிடித்தேன். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. "அடுத்த வருசம் பேனையிலை வேண்டாம். பலகையிலை வையுங்கோ."

"அதிலையும் வைச்சனான் பிள்ளை. அவசரத்திலை அதைத் துடைக்க மறந்துபோனன்."

போய்ப் பலகையைத் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கத்தில், சரி நடுவே, தையல் மெசினுக்கு வைக்கிற அதே அளவில், காய்ந்து வெடித்த சந்தனமும் அதன்மேல் குங்குமமும் இருந்தன.