சீனி போடாத ஐஸ்பழம்

வாப்பா குவைத்திலிருந்து பிரிட்ஜ் கொண்டுவந்த பிறகு, பெருநாளுக்கு எங்கள் வீட்டில் பாலில் ஐஸ்பழம் செய்வோம். நோன்பின் கடைசி நாள், பின்னேரம் அசர் தொழுகை முடிந்துதான் அந்த வேலை.

ஒரு வருஷம் உம்மாவுக்குக் கடும் சுகவீனம். நோன்பு பிடிக்கவே கூடாதென்று டாக்டர் சொல்லியிருந்தார். உம்மாவுக்கு அது பெரிய வெட்கம். கட்டிலில் கிடந்தபடி, என் மூத்தவள் ராத்தா கரண்டியில் நீட்டிய ஐஸ்பழப் பாலைக் குடித்துப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் சீனி போடு மகள். நோன்பு புடிக்க ஏலாதவள், ருசி பாக்கவாவது உதவுறன்."

அடுத்த நோன்புக்கு உம்மா இல்லை. ராத்தாவும் நானும் பாலைக் காய்ச்சி, சவ்வரிசியும் ரோஸ் கலரும் சேர்த்து, சின்னக் கோப்பைகளில் ஊற்றினோம். பிரிட்ஜில் பாதி இறுகியதும், பிடிக்கக் குச்சியாக ஈர்க்குக் குத்தினோம். சீனியை ராத்தா போட்டிருப்பாள் என்று நான் நினைத்தேன். நான் போட்டிருப்பேன் என்று அவள். நோன்பு திறந்த பிறகாவது ருசி பார்த்திருக்கலாம். பிறை கண்ட சந்தோஷத்தில் மறந்துபோனோம். சந்தோஷமாம்! இன்றைக்கும் அதை நினைத்தால் என்மீதே ஆத்திரம் வருகிறது.

பெருநாள் காலையில் தொழுதுவிட்டு வந்த வாப்பா முதல் ஐஸ்பழத்தைக் கடித்தார். நானும் ஒன்றைக் கடித்தேன். வெறும் பால். ராத்தா அழத் தொடங்கினாள்.

வாப்பா ஈர்க்கு மட்டும் மிஞ்சும்வரை தின்றார்.

"அழாத மகள்," என்றார். "இந்த முற ஊட்டுல எல்லாரும் நோன்பு புடிச்சிருந்தமே."