சின்னம்மாவின் வயிறு

போலீஸ் எங்கள் வீட்டைச் சோதனை போட வந்த காலையில் உள்ளே இருந்தவர்கள் அம்மா, அம்மாவின் தங்கையான சின்னம்மா, நான், அம்மாவின் இடுப்பை விட்டு இறங்காத என் தங்கச்சி. இல்லாதவர்கள் அப்பாவும் சித்தப்பாவும். முந்திய சித்திரையில் ரோட்டு வேலை செய்துகொண்டிருந்த இடத்திலேயே அவர்கள் இரண்டு பேரையும் லாரியில் ஏற்றி, ரயில் பாதை போடச் சயாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மண்வெட்டியைக்கூட கீழே வைக்க விடவில்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். ஜப்பான்காரன் காலத்தில் எங்கள் ஊர் காஜா பேராங்கில் ஆம்பளை இல்லாத வீடு எங்களுடையது மட்டும் அல்ல. ஆனால் ஆம்பளை இல்லாத வீட்டில் வயிறு பெருத்த பெண் எங்கள் வீட்டில்தான் இருந்தாள்.

வயிற்றைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். சித்தப்பா போன பிறகு சின்னம்மா எங்களோடு வந்து இருந்தாள். காலையில் மரவள்ளிக் கிழங்கு, ராத்திரியும் அதே கிழங்கு, நடுவில் பசி. எனக்கு எட்டு வயது. தட்டில் எத்தனை துண்டு விழுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன். சின்னம்மா இரண்டு வாய் எடுப்பாள். அதற்குமேல் முடியாமல் நெஞ்சைத் தடவிக்கொண்டு தட்டை என் பக்கம் நகர்த்துவாள்.

"நெஞ்சு மட்டும் நெறஞ்சு போச்சுடா. நீ தின்னு."

ஊரே பசித்துக் கிடந்த காலத்தில் ஒருத்தி போதும் என்று சொன்னால் அதை நோய் என்று யார் நினைப்பார்கள்? எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் நல்ல மனசு. "பாத்துக்க, உங்க சின்னம்மா மாதிரி மனசு யாருக்கு வரும்?" என்று அம்மா எனக்குப் புத்தி சொல்வாள். சின்னம்மாமேல் எனக்கு இருந்த பாசத்தில் பாதி அந்தத் தட்டிலிருந்து வந்தது.

புக்கிட் பாரு மேட்டில் கிழங்கு போட எங்களுக்கு ஒரு துண்டு நிலம் விட்டிருந்தார்கள். களை எடுக்கப் போகும்போது சின்னம்மா நடுவழியில் புதர் தேடி ஒதுங்குவாள். வந்து கொஞ்ச தூரம் நடப்பாள், மறுபடியும் ஒதுங்குவாள்.

"என்னடி இது, வழி நெடுகத் தண்ணி ஊத்திக்கிட்டே வர்ற? நம்ம கெழங்குக்கு ஊத்தினாலாவது வெளையும்" என்பாள் அம்மா. சின்னம்மா முதுகைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். முதுகு எல்லோருக்கும்தான் வலித்தது. களைப்பு எல்லோருக்கும்தான் இருந்தது. அவளுக்கு மட்டும் என்று தனியாக ஒரு நோய் இருக்க முடியும் என்பது அந்த வருஷத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

தை பிறந்தபோது பாவாடை நாடா எட்டவில்லை. அம்மா ஒரு துண்டுக் கயிற்றைச் சேர்த்து முடிந்து கொடுத்தாள். சின்னம்மாவின் கைகள் குச்சியாகிவிட்டன, கன்னம் ஒட்டிவிட்டது, வயிறு மட்டும் முன்னால் வந்தது. அப்போது ஊரில் பாதிப் பேருக்குக் கால் வீக்கம். பெரு விரலால் அழுத்தினால் குழி விழும். நாங்கள் பிள்ளைகள் அதை ஒரு விளையாட்டாகவே வைத்திருந்தோம். சின்னம்மாவின் காலில் குழி விழவில்லை. அதனால் கால் வீக்கக் கணக்கிலும் அவளைச் சேர்க்க முடியவில்லை. மிச்சம் இருந்தது ஒரே கணக்கு.

அந்தக் கணக்கை முதலில் போட்டவள் மூன்றாவது வீட்டு அத்தை. எங்களுக்கு உறவில்லை, வரிசை வீட்டு உறவு. மாடு வைத்துப் பால் ஊற்றிக்கொண்டிருந்தவள். மாடுகளை ஜப்பான்காரன் ஓட்டிக்கொண்டு போன பிறகு அவளிடம் வாய் மட்டும் மிச்சம். ஒரு நாள் கிணற்றடியில் எல்லாரும் கேட்கும்படி சின்னம்மாவிடம் கேட்டாள்:

"சித்திரையில போன லாரி நடுவுல ஒரு தடவ திரும்பி வந்துச்சாம்மா? எங்களுக்குச் சொல்லவே இல்லியே."

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சின்னம்மா பாதி இறைத்த வாளியை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். அதன் பிறகு அவள் கிணற்றடிக்குப் போகவில்லை. லாரி திரும்பி வந்ததா என்று நானும் ஆசையோடு அம்மாவிடம் கேட்டேன். முதுகில் ஓர் அடி விழுந்தது.

 மூன்றாம் நாள் அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு அத்தை வீட்டுப் பின்வாசலுக்குப் போனாள்.

"மதினி, ஒங்ககிட்ட மட்டும் சொல்றேன். வெளிய போகக் கூடாது. அது புள்ள இல்ல. அரிசி."

அத்தை வாயைத் திறந்தபடியே நின்றாள். குருபோங் பக்கத்து வயல்காரர்களிடம் நெல்லுக்குத் துணியும் நகையும் கொடுத்து, அரிசியாக்கி, பெண்கள் புடவைக்குள் பையாகக் கட்டிக்கொண்டு வருவது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். பிடிபட்டால் அடித்தே கொன்றுவிடுவார்கள் என்பதும் தெரிந்ததுதான்.

"வீட்டுலயுமா கட்டிக்கிட்டுத் திரியிறா?"

"வீட்டுல வச்சா சோதனையில மாட்டும். ஒடம்புல இருந்தா எவன் தொடுவான்?"

"அடி கள்ளிங்களா!" என்றாள் அத்தை. முகம் மலர்ந்துவிட்டது. உடனே குரலைத் தாழ்த்தி, "அப்ப எனக்கு ஒரு டின்னு குடேன். எம் பேரப்புள்ள சோத்தையே மறந்து போச்சு" என்றாள்.

அம்மா இதை எதிர்பார்க்கவில்லை. மறுநாளிலிருந்து பால் டின்னை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு ஒவ்வொருத்தியாகப் பின்வாசலுக்கு வந்தாள். தீர்ந்துபோச்சு, அடுத்த தடவை தருகிறேன், நிஜமாகவே இல்லை என்று அம்மா ஒவ்வொருத்திக்கும் ஒவ்வொன்று சொல்லிப் பார்த்தாள். இல்லை என்பதை யார் நம்புவது? வயிறோ நாளுக்கு நாள் பெருத்துக்கொண்டிருந்தது. நடத்தை கெட்டவள் என்ற பேர் போய், பிள்ளைகள் பசித்துக் கிடக்க அரிசியைக் கட்டிக்கொண்டு தூங்குகிறவள் என்ற பேர் வந்தது. இந்தப் பேருக்கு முந்தைய பேரே தேவலை என்று ஆகிவிட்டது.

யார் போய்ச் சொன்னார்கள் என்பது கடைசிவரை தெரியவில்லை. ஒரு காலையில் இரண்டு போலீஸ்காரர்களும் ஒரு ஜப்பான் சிப்பாயும் வந்தார்கள். பாயை உதறினார்கள், அடுப்புச் சாம்பலைக் கிளறினார்கள், கிழங்கு மாவு வைத்திருந்த தகரத்தைத் தரையில் கவிழ்த்தார்கள். பிறகு சிப்பாய் சின்னம்மாவை வாசலுக்கு வரச்சொல்லி அவள் வயிற்றைக் கைத்தடியால் காட்டினான். வரிசை வீட்டு ஜனம் முழுவதும் வாசலில் நின்றது. என்ன வரப்போகிறது என்பது எல்லாருக்கும் தெரியும். அரிசி என்றால் உயிர் போகும். அரிசி இல்லை என்றால் மானம் போகும்.

அம்மா சின்னம்மாவின் முந்தானையை விலக்கினாள். தோல் இழுத்துக் கட்டிய மாதிரி மினுமினுத்தது. நீல நரம்புகள் ஓடின. சிப்பாய் தடியின் நுனியால் ஒரு தட்டுத் தட்டினான். வயிறு முழுவதும் ஓர் அலை போய்த் திரும்பியது. அவன் ஓரடி பின்னால் போனான். வயதான மலாய்ப் போலீஸ்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "சாக்கிட், சாக்கிட்" என்றார். நோயாளி என்று அர்த்தம்.

அப்போதுதான் சின்னம்மா பேசினாள். அவளுக்கு இவ்வளவு பெரிய குரல் உண்டு என்று எனக்கு அதுவரை தெரியாது.

"பாத்துக்கங்க எல்லாரும். அரிசியும் இல்ல, புள்ளயும் இல்ல. என்னன்னு எனக்கே தெரியல. தெரிஞ்சவங்க இருந்தா சொல்லுங்க."

 மூன்றாவது வீட்டு அத்தை கதவுக்குப் பின்னால் போய்விட்டாள்.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் உட்காரும் இடத்தில் காயத்துக்கு மருந்து கட்டும் ஒரு வயதான தமிழ் டிரஸ்ஸர் உட்கார்ந்திருந்தார். தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு நான் கதவோரம் நின்றேன். அவர் சின்னம்மாவை மல்லாக்கப் படுக்கவைத்து விரலால் தட்டினார். பக்கவாட்டில் திரும்பச் சொல்லி மறுபடியும் தட்டினார். அடிவயிற்றை அழுத்தியபோது சின்னம்மா பல்லைக் கடித்தாள்.

"புள்ளன்னு எவன் சொன்னான்? இது தண்ணி. கர்ப்பப்பைக்குப் பக்கத்துல கட்டி இருக்கு. கல்லு மாதிரி இருக்கு. எப்பலேருந்தும்மா சாப்பாடு எறங்கல?"

சின்னம்மா யோசித்தாள். "ஒரு வருஷம் இருக்குங்க. ரெண்டு வாயிலயே நெறஞ்சிரும்."

"அது..." என்று அம்மா குறுக்கே பேசினாள். "அது பையனுக்குக் குடுக்கிறதுக்குங்க. எங்களுக்காக அவ விட்டுக் குடுத்தது."

டிரஸ்ஸர் கை கழுவப் போனார். அம்மா சின்னம்மா பக்கம் திரும்பினாள். "எங்களுக்காகத்தானே விட்டுக் குடுத்த? அப்படித்தானேடி நான் நெனச்சேன்?"

சின்னம்மா கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நானும் அப்படித்தான்க்கா நெனச்சேன்."

அறுத்து எடுக்க வேண்டிய கட்டி, ஆனால் அறுக்க ஆளும் இல்லை, மயக்க மருந்தும் இல்லை என்றார் டிரஸ்ஸர். மூச்சு முட்டும்போது ஊசி குத்தி நீரை இறக்கலாம். அதற்கு அவரே வீட்டுக்கு வருவதாகச் சொன்னார். கூலியைப் பற்றிக் கேட்டபோது அவருக்கும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

"ஜப்பான்காரன் அடிச்ச வாழமர நோட்டு வேணாம்மா. அத வேகவச்சு என் புள்ளைங்களுக்குக் குடுக்க முடியாது. அரிசி இருந்தா குடு."

அம்மா சிரித்தாள். அந்த இடத்தில் ஏன் சிரிக்கிறாள் என்று எனக்குப் பயமாக இருந்தது.

அதற்கு அடுத்த வாரம் அம்மா தன் தோட்டைக் கழற்றி முடிந்துகொண்டு குருபோங் பக்கம் போனாள். திரும்பி வரும்போது அவள் வயிறு பெருத்திருந்தது. கூடவே மூன்றாவது வீட்டு அத்தை வந்தாள். யாரும் கூப்பிடாமல் அவளாகவே போனவள். வழியில் காவல்காரன் மறித்தபோது, "நெறமாசக்காரிய வெயில்ல நிக்க வைக்கிறியே, ஒங்க ஆத்தா ஒன்னப் பெக்கலியா?" என்று தமிழிலேயே அவனைக் கிழித்தாளாம். அவனுக்குத் தமிழ் தெரியாதது இரண்டு பேருக்கும் நல்லதாகப் போயிற்று. சின்னம்மா படுத்திருந்த பாயருகே அத்தை கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள். மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. கால் பிடித்துவிட்டாள். போகும்போது தன் உழைப்புக்கு ஒரு டின் அரிசி வாங்கிக்கொண்டாள்.

டிரஸ்ஸர் வந்த நாள் எனக்குத் திருவிழா மாதிரி இருந்தது. எங்களை வெளியே நிறுத்திவிட்டார்கள். கடைசியில் அம்மா ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தைத் துணி போட்டு மூடி எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். நான் உள்ளே ஓடினேன். சின்னம்மாவின் வயிறு தட்டையாகக் கிடந்தது. மூச்சு நேராக வந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

நான் கிணற்றடிக்கு ஓடி, நீர் இறைத்துக்கொண்டிருந்த அத்தனை பெண்களிடமும் கத்தினேன்: "எங்க சின்னம்மாவுக்கு நல்லாயிருச்சு! வயிறு எறங்கிருச்சு!" யாராவது சந்தோஷப்படுவார்கள் என்று எதிர்பார்த்தேன். ராட்டினம் நின்றுவிட்டது. ஒருத்தி என் தலையைத் தடவினாள். மற்றவர்கள் குடத்தைப் பார்த்தார்கள். இவர்களுக்கு இன்னும் பொறாமை போகவில்லை என்று நினைத்துக்கொண்டு கோபத்தோடு வீட்டுக்கு வந்தேன். பல வருஷம் கழித்து, எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாகப் பள்ளிக்கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, சுகாதாரப் பாடத்தில் உடம்பின் உள்ளே இருப்பதையெல்லாம் படமாகப் பார்த்த அன்றுதான் நீர் போனாலும் கட்டி உள்ளேயே கிடந்தது என்பதும், அந்தப் பெண்கள் குடத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தன.

நீர் மறுபடியும் சேர்ந்தது. மறுபடியும் இறக்கினார்கள். மூன்றாவது தடவைக்குப் பிறகு சின்னம்மா எழுந்திருக்கவில்லை. சுமங்கலி என்று சொல்லி வரிசை வீட்டுப் பெண்கள் எல்லாரும் வந்து மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, தாலியோடு அனுப்பினார்கள்.

சண்டை முடிந்து அப்பா மட்டும் திரும்பி வந்தார். சித்தப்பா அங்கே போய் முதல் மழையிலேயே பேதி கண்டு இறந்துவிட்டாராம். கிணற்றடியில் பெண்கள் மாதங்களை எண்ணிக்கொண்டிருந்தபோது, யார் போன நாளிலிருந்து எண்ணினார்களோ அந்த மனுஷன் உயிரோடு இல்லை. அம்மா சொன்ன சின்னம்மாவின் கதையை அப்பா கடைசிவரை கேட்டார். பிறகு, செலவுக்கு என்ன செய்தாய், எவ்வளவு ஆயிற்று என்று கேட்டார்.

அம்மா விரலை மடக்கினாள். "மூணு தடவ எறக்கினோம். தடவைக்கு நாலு டின்னு. பன்னெண்டு டின் அரிசிங்க. மதினிக்குக் குடுத்ததோட பதிமூணு."