நெஞ்சிலா, பின்சக்கரத்திலா?

இன்று காலை கடையைத் திறந்து ஊதுபத்திகூடக் கொளுத்தவில்லை, தலையிலிருந்து எண்ணெய் வழிய ஒருவர் வந்து தொண்டைக் கரகரப்புக்கு மாத்திரை கேட்டார். சீசன் நேரத்தில் தென்காசியில் மருந்துக் கடை வைத்திருப்பவனுக்கு இது புதிதில்லை. ஊர் பார்க்க வருகிறவர்கள் குற்றாலத்தில் எண்ணெய் மசாஜ் செய்துகொண்டு, அருவியில் கூட்டத்தைப் பார்த்துவிட்டுக் குளிக்காமலேயே பஸ் ஏறிவிடுவார்கள். அவர் போன பிறகும் கண்ணாடி மேசையில் அவருடைய ஐந்து விரலும் இருந்தன. துடைக்கத் துணியை எடுத்தவன் அந்த வாசனையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஊருக்கெல்லாம் அந்த எண்ணெய் குளிர்ச்சி. எனக்குப் படபடப்பு. ஏன் என்று சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. சரி, சிரித்துக்கொள்ளுங்கள். என் சைக்கிள் கூட்டாளி பீர் சிரித்த அளவுக்கு உங்களால் முடியாது.

சில வருஷங்களுக்கு முன் எனக்கு நெஞ்சில் ஓர் அடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். மருந்துக் கடைக்காரனுக்கு நோய் வருவது தனிக் கொடுமை. மற்றவர்கள் மாத்திரையை மட்டும் விழுங்குவார்கள். நான் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் பொடியெழுத்துத் தாளையும் சேர்த்து விழுங்குவேன். அதில் போட்டிருக்கும் பக்கவிளைவுகள் அத்தனையும் சாயங்காலத்துக்குள் எனக்கு வந்துவிடும். கர்ப்பிணிகளுக்கான எச்சரிக்கையைக்கூட ஒருமுறை கவலையோடு படித்திருக்கிறேன்.

மூச்சு வாங்காமல் மெதுவாக சைக்கிள் ஓட்டலாம் என்றார் டாக்டர். மூச்சு வாங்குகிறதா இல்லையா என்று யார் சொல்வது? நானா? எனக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலே வாங்கும். "நீங்க சொல்லுதத நம்பி ஒங்கள ரோட்டுல விட முடியாது" என்றாள் என் மனைவி செல்வி. அந்தச் சமயத்தில் பஹ்ரைனிலிருந்து லீவில் வந்த அவள் தம்பி கணேசன், தன் பழைய பந்தய சைக்கிளின் பின்சக்கரத்தை என் சைக்கிளில் மாட்டிவிட்டுப் போனான். அதன் ஹப்புக்குள், அதாவது நடு உருளைக்குள், மிதிக்கிற பலத்தை வாட் கணக்கில் அளக்கும் கருவி இருந்தது. பல்பை அளக்கிற மாதிரி மனுஷனையும் அளக்கலாம். கைப்பிடியில் ஒரு சின்னத் திரையில் எண் ஓடும், அன்றைக்குத் தொட்ட உச்ச எண்ணும் அதில் நிற்கும். டாக்டரிடம் கேட்டு, நூறைத் தாண்டக் கூடாது என்று முடிவானது. தாண்டினால் சைக்கிள் மொட்டைமாடிக்கு ஏறும், பிறகு இறங்காது என்பது செல்வி போட்ட சட்டம். நாள் முழுக்க நான் நோயாளி. அந்தக் காலை நேரத்து சைக்கிளில் மட்டும்தான் வேறு யாரோ. அதுவும் போனால் என்ன ஆவேன் என்பதை நினைக்கவே எனக்கு மாத்திரை தேவைப்பட்டது.

துணைக்கு வருவது பீர். இலத்தூர்க்காரர், என் வயதுதான், மரச்சாமான் கடை வைத்திருந்தார். ஒரு நாள் காலை, நல்ல சாரல். இலஞ்சி வழியாகக் குற்றாலம் போய், ஐந்தருவி ரோட்டில் ஏறுகிறோம். டக் என்று ஒரு சத்தம். மிதித்தால் டக். மறுபடி மிதித்தால், மறுபடி டக். நெஞ்சில் கை வைத்தேன். சைக்கிளை நிறுத்தினால் சத்தமும் நின்றது, ஏறினால் வந்தது. சராசரி மனிதனுக்கு இதிலிருந்து என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தோன்றியது, ஸ்டென்ட் கழன்றுவிட்டது என்று.

ரோட்டோரம் ஒரு பெஞ்சு கிடந்தது. போய் உட்கார்ந்தேன். அது மசாஜ்காரருடைய பெஞ்சு.

"வாங்க அண்ணாச்சி. உடம்பு பூராவுமா, தலைக்கு மட்டுமா?"

நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவராகவே உச்சியில் எண்ணெயை வைத்துத் தாளம் போட ஆரம்பித்தார். சாகப்போகிற நேரத்தில் ஒருத்தர் மண்டையில் தட்டிக்கொண்டிருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன்.

முன்னால் போன பீர் என்னைக் காணாமல் திரும்பி வந்தார். "என்ன வே, பேயடிச்ச மாதிரி உக்காந்திருக்கீரு?"

"நெஞ்சு வே. டக்கு டக்குங்குது."

"எப்பம்?"

"மிதிக்கும்போது மட்டும்."

பீர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என் சைக்கிளின் பின்பக்கத்தைத் தூக்கி, சக்கரத்தைப் பிடித்து இடமும் வலமுமாக ஆட்டினார். டக், டக்.

"ஒம்ம நெஞ்சு இங்கன கெடக்கு வே!"

சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது. மசாஜ்காரரும் சேர்ந்துகொண்டார், கையை மட்டும் நிறுத்தவில்லை.

எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் பாதியில் நின்றது. ஹப் ஆடுகிறதென்றால் அது காட்டிய எண்? தொண்ணூறு, தொண்ணூறு என்று நம்பிக்கொண்டு இத்தனை நாளும் எவ்வளவு மிதித்தேனோ? பழைய காலைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மூச்சில் பயந்தேன். கணேசனை வீடியோவில் கூப்பிட்டோம்.

"அத்தான், தலையில என்ன வழியுது?"

"அத விடுடே. சக்கரம் ஆடுது."

"அச்சு ரெண்டு முனையிலயும் ஓட்டை இருக்கும், பாருங்க. ஒரே சைஸ்ல ஆலன் கீ ரெண்டு வேணும். ஒருத்தர் இந்தப் பக்கம் அசையாமப் பிடிக்கணும், ஒருத்தர் அந்தப் பக்கம் திருப்பணும். ரொம்ப முறுக்கிராதீங்க, சக்கரம் சுத்தாது."

வளைந்த சாவி மாதிரியான அந்த ஆலன் கீ என்னிடம் ஒன்றும் பீரிடம் ஒன்றும் இருந்தன. என் வேலை பிடித்துக்கொள்வது. நெற்றியில் வழிந்ததைத் துடைத்துத் துடைத்துக் கையெல்லாம் எண்ணெய். பீர் திருப்ப, என் பக்கம் வழுக்கியது.

"ஒழுங்காப் பிடியும் வே."

"வழுக்குது வே."

"இப்பம் நெஞ்சப் பிடிச்சீருல்லா, அந்த மாதிரி பிடியும்."

முதல் தடவை இறுக்கியதில் சக்கரம் நின்றேவிட்டது. உள்ளே கருவி நொறுங்கிவிட்டது என்று அறிவித்தேன். பீர் காதில் வாங்காமல் கொஞ்சம் தளர்த்தினார். விரலால் ஒரு தள்ளு தள்ளினார். சக்கரம் பாட்டுக்குச் சுற்றியது, ஆட்டம் இல்லை. கணேசன் சொன்னபடி மிதிக்காமல் வைத்து எண்ணைச் சைபருக்குக் கொண்டுவந்துவிட்டு அதே ஏற்றத்தில் ஏறினேன். வழக்கமான மிதிதான். திரையில் நூற்று முப்பத்தெட்டு.

இறங்கிவிட்டேன். "இதத்தான இத்தன நாளும் மிதிச்சீரு? ஒண்ணும் ஆவலல்லா?" என்றார் பீர். நியாயமான பேச்சு. நியாயமான பேச்சு எனக்கு அப்போதெல்லாம் ஒத்துக்கொள்வதில்லை. வீடுவரை உருட்டிக்கொண்டே வந்தேன்.

"இதென்ன நூத்தி முப்பத்தெட்டு?" என்றாள் செல்வி, திரையைப் பார்த்துவிட்டு.

"தங்கச்சி, சக்கரம் லூசா இருந்திருக்கு. இதுவர கொறச்சுக் காட்டிருக்கு," என்றார் பீர்.

"சக்கரம் மட்டுமா?" என்று என் தலையைப் பார்த்தாள்.

சைக்கிளை மாடிக்கு ஏற்றவில்லை. என்னைத் திருநெல்வேலி பஸ்ஸில் ஏற்றினாள். டாக்டர் என்னை நகரும் பட்டையில் நடக்கவிட்டு, ஓடவிட்டு, இ.சி.ஜி. வரைபடத்தை நிதானமாகப் பார்த்தார். "நல்லாருக்கீங்க. தாராளமா ஓட்டுங்க. இனிமே அந்த நம்பரப் பாத்துக்கிட்டு இருக்க வேண்டாம்" என்றார். வெளியே வந்ததும் செல்வி கால் கிலோ அல்வா வாங்கி, பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே ஒற்றை ஆளாகத் தின்று தீர்த்தாள். எனக்கு ஒரு வாய் தரவில்லை. அத்தனை நாளும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்தத் திரைக்கு அதன்பிறகு யாரும் சார்ஜ் போடவில்லை. பீர் கடையை விட்டுவிட்டு மகனோடு பெங்களூர் போய்விட்டார். நான் தனியாகத்தான் ஐந்தருவி வரை போய் வருகிறேன். எத்தனை வாட் என்று எனக்கே தெரியாது. திரை ஓடிய நாட்களில் நான் திரும்பும் நேரத்துக்கு செல்வி மூக்குக்கண்ணாடியோடு கேட்டருகே நிற்பாள். திரையில் இருக்கும் சாரலை முந்தானையால் துடைத்து எண்ணை இரண்டு தடவை படிப்பாள். அப்புறம் அது சரிதானா என்று என் முகத்தையும் படிப்பாள். இப்போது சைக்கிளை நிறுத்தும் சத்தம் கேட்டதும் அடுப்படியிலிருந்து குரல் மட்டும் வருகிறது:

"கொத்தமல்லி வாங்கிட்டு வந்தீங்களா?"