பின்வரிசையில் நான்காமவர்

தோஹாவில் நஜ்மா பகுதியில் நாங்கள் குடியிருந்த ஃபிளாட்டுக்கு யார் வந்தாலும், சுலைமானி டீயைக் கையில் கொடுத்ததும் வாப்பா என்னைக் கூப்பிடுவார். எனக்கு அப்போது ஒன்பது வயது. ஹாலில் மாட்டியிருந்த பழைய குழுப் படத்துக்கு அடியில் நாற்காலியைப் போட்டு ஏறி நின்று, பின்வரிசையில் இடமிருந்து நான்காவது ஆளை விரல் வைத்துக் காட்ட வேண்டும். துருக்கித் தொப்பியும் நீளக் கோட்டுமாக நின்ற அவர்தான் எங்கள் மெம்பர் அப்பா.

எங்கள் ஊர்ப் பக்கம் தகப்பனார் வாப்பா, பாட்டனார் அப்பா. இவர் பாட்டனாருக்கும் மேலே, உம்மாவின் வாப்பாவுக்குப் பாட்டனார். வெள்ளைக்காரன் காலத்தில் மாகாணச் சட்டசபையில் மெம்பராக இருந்தவர். நடுவில் நாற்காலியில் துரை, சுற்றிலும் தலைப்பாகைகள், பின்னால் எங்கள் ஆள். அவருடைய உண்மைப் பெயரை வீட்டில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எங்கள் ஊருக்கு ரயில் வேண்டும் என்று சபையில் எழுந்து பேசினாராம். ரயில் இன்றுவரை வரவில்லை. அதனால் அவர் பெருமை ஒன்றும் குறையவுமில்லை. வருஷத்தில் ஆறு மாதம் ஊர், ஆறு மாதம் பட்டணத்தில் சபை என்று அப்படி உழைத்தாராம். இதையும் நான்தான் ஒப்பிக்க வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை நான் ஒப்பிக்க வேண்டியிருந்தது சவுதியில் தம்மாமிலிருந்து சாச்சியைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கு. சாச்சி என்றால் உம்மாவின் தங்கை. ஒரு கிளினிக்கில் மருந்து கொடுக்கும் வேலை. என் அறையில்தான் படுப்பாள், என் வீட்டுப்பாடத்தில் பாதியை அவள்தான் செய்வாள். ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் கூடிவந்து கலைந்திருந்தது. மூன்றாவதும் கலைந்தால் ஊரில் தலைகாட்ட முடியாது என்று உம்மா ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. சாச்சிக்கும் மாப்பிள்ளையின் போட்டோ பிடித்திருந்தது. அதைத் தலையணை உறைக்குள் வைத்திருந்தாள், எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு.

எனக்கும் இந்தச் சம்பந்தம் மிகவும் பிடித்திருந்தது, வேறு காரணத்துக்காக. கல்யாணத்துக்குப் பிறகும் சாச்சி வேலையை விடாமல் எங்களோடேயே இருப்பாள், மாப்பிள்ளை தம்மாமிலிருந்து மாதம் இரண்டு தடவை காரில் வந்து போவார் என்று ஃபோனிலேயே பேசி முடித்திருந்தார்கள். சவுதியில் என்னால் இருக்க முடியாது என்று சாச்சியே சொல்லியிருந்தாள். ஆகவே எனக்கு நஷ்டம் எதுவும் இல்லை.

மாப்பிள்ளையும் அவருடைய உம்மாவும் வந்தார்கள். மாப்பிள்ளை வாய் திறக்கவில்லை. அவருக்கும் சேர்த்து அந்த அம்மா பேசினார். சம்சா வந்தது, டீ வந்தது, வாப்பா என்னைக் கூப்பிட்டார். நான் ஏறி நின்று விரலை வைத்தேன். ரயில், ஆறு மாதம், எல்லாம் தடங்கலில்லாமல் சொன்னேன். யாரும் மாஷா அல்லாஹ் சொல்லவில்லை. வழக்கமாக அந்த இடத்தில் சொல்வார்கள்.

அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுந்து வந்து படத்துக்கு வெகு அருகில் நின்றார். பிறகு என் விரலை மெதுவாக விலக்கிவிட்டு அதே இடத்தில் தன் விரலை வைத்தார்.

"எங்க ஊட்லயும் இதே படம் தொங்குது. இவங்க எங்க வாப்பாவோட வாப்பா. சபை அப்பாண்டு சொல்லுவோம்."

வாப்பா, வேறு யாரையோ சொல்கிறீர்கள் போலிருக்கிறது என்று தொடங்கி, முடிக்காமல் விட்டார். அந்த அம்மா விடவில்லை. இவர் பேசித்தான் தங்கள் ஊர் ஆற்றுக்குப் பாலமே வந்தது என்றார். உம்மாவின் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். எங்களுக்கு வராத ரயிலை அவள் நினைத்திருக்க வேண்டும். பிறகு அந்த அம்மா பெருமையாகவே சொன்னார்: வருஷத்தில் ஆறு மாதம் தங்கள் வீட்டில் இருப்பார், மீதி ஆறு மாதம் பட்டணத்தில் சபையில் இருப்பார்.

ஒரே ஆள் எப்படி இரண்டு வீட்டுக்கு அப்பாவாக இருப்பார்? அதைக்கூட விட்டுவிட்டேன், கணக்குதான் உதைத்தது. எங்கள் ஊரில் ஆறு, அவர்கள் ஊரில் ஆறு என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். மறுபடியும் எண்ணினேன். நாற்காலியில் நின்றபடியே உம்மாவிடம் கேட்டேன்.

"சிக்ஸ் ப்ளஸ் சிக்ஸ் ட்வெல்வ் ஆச்சே உம்மா. அப்ப அவங்க சபைக்கு எப்பதான் போனாங்க?"

வாப்பா என்னை இடுப்பில் பிடித்து இறக்கிவிட்டார். உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்; அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. மாப்பிள்ளை தன் செருப்பைத் தேடுகிறவர் மாதிரி தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இதுவும் கலைந்தது, என்னால்தான் கலைந்தது என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

கடைசியில் அந்த அம்மாதான் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றினார். எங்கள் உம்மாவின் வாப்பா தனக்கு அண்ணன் முறை ஆகிறார் என்று விரல் மடக்கிக் கணக்குப் போட்டார். அப்படியென்றால் தன் மகன் இந்தப் பெண்ணுக்கு முறை மாப்பிள்ளைதான், இனி பேச என்ன இருக்கிறது என்றார். வாப்பா பெருமூச்சு விட்டு இன்னொரு தட்டு சம்சா கொண்டுவரச் சொன்னார். பெரியவர்கள் என்னைவிட மோசமாகக் கணக்குப் போடுகிறார்களே, பன்னிரண்டை அப்படியே விட்டுவிட்டார்களே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அப்போதுதான் உள்ளறைத் திரையை விலக்கிக்கொண்டு சாச்சி வந்தாள். கூப்பிடாமல் வந்தாள். மாப்பிள்ளையை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"எனக்குச் சம்மதம். ஆனா நான் தம்மாமுக்கே வாரேன். நீங்க அங்கெ, நான் இங்கெண்டு இருக்க ஏலாது."

வேலை என்னாவது என்று வாப்பா கேட்டார். விட்டுவிடுகிறேன் என்றாள். உம்மா ஏதாவது சொல்லித் தடுப்பாள் என்று அவளைப் பார்த்தேன். தங்கைக்குக் கல்யாணம் ஆகுமா என்று பட்டினி கிடந்தவள், தங்கை பிரிந்து போகிறேன் என்று சொன்னதற்குத் தலையை ஆட்டினாள். மாப்பிள்ளை முதல் தடவையாக வாயைத் திறந்து, "அப்படியே செய்யலாம்" என்றார். முகம் சிவந்துபோயிருந்தது.

மெம்பர் அப்பா அதன்பின் ஹாலிலிருந்து ஸ்டோர் ரூமுக்குப் போனார். என்னை யாரும் நாற்காலியில் ஏறச் சொல்லவில்லை. அந்தக் காலத்துச் சபை வருஷத்தில் கூடியதே கொஞ்ச நாள்தான் என்பதைக் கல்லூரியில் படிக்கும்போதுதான் அறிந்தேன். ஒன்பது வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம், நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் சாச்சி என் அறையிலேயே இருந்திருப்பாள் என்பதுதான். என் மேல் உள்ள கோபத்தில்தான் போகிறாள் என்று நினைத்து இரண்டு மாதம் உள்ளுக்குள் புழுங்கினேன்.

அவள் பெட்டி கட்டிய அன்று அழுகையை அடக்க முடியாமல் கேட்டே விட்டேன், சவுதி வேண்டாம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று. சாச்சி தலையணை உறைக்குள்ளிருந்து அந்தப் போட்டோவை எடுத்துப் பெட்டியில் வைத்தாள். பிறகு என் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

"நீ அண்டைக்குக் கேட்ட கணக்கெ நானும் ஒரு நாளைக்குக் கேக்கும்படி ஆயிரப்படாதுல்ல, அதான்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சாச்சிக்குக் கணக்கு என்னைவிட நன்றாக வருமே, அதைக் கேட்க அவளுக்கென்ன பயம் என்றுதான் நினைத்தேன்.