தாண்டவனின் சர்க்கார் உத்தியோகம்

தாண்டவனுக்கு முனிசிபாலிட்டியில் வேலை என்று உத்தரவு வந்தபோது சேரியில் ஒருத்தரும் நம்பவில்லை. ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவே, பாலாற்றங்கரையில் இருக்கிற ஊர். பேரைச் சொன்னால் இன்றைக்கும் நாலு பேர் மல்லுக்கு வருவார்கள், எனக்கெதற்கு வம்பு? தோல் பதனிடுகிற ஷாப்புகளால் பிழைத்த ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மீசை அரும்புவதற்கு முன்பே சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கியவன் தாண்டவன். பச்சைத் தோலில் மயிர் கழன்று வர வேண்டுமென்றால் அதைச் சுண்ணாம்புத் தண்ணீரில் நாள்கணக்காக ஊறப்போட வேண்டும். அதில் இறங்கி நின்று புரட்டிப் போடுவதும், ஊறியதைத் தூக்கி வெளியே எறிவதும் சேரிக்காரர்கள் வேலை. பதமாகி வந்த தோலைத் தடவிப் பார்த்துத் தரம் பிரிப்பது முஸ்லிம்கள். கணக்குப்பிள்ளை ஒரு முதலியார். முதலாளி சாயபு வாரத்தில் பாதி நாள் மதராஸில் இருப்பார். யாரும் கூடி உட்கார்ந்து இப்படிப் பங்கு போட்டதில்லை. கேட்டால் அது அப்படித்தான் என்பார்கள், அவ்வளவுதான்.

ஊரில் குடிதண்ணீருக்குப் பெரிய பாடு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் சர்க்கார் கொஞ்சம் மானியமும் கொஞ்சம் கடனும் கொடுத்தது. ஆற்று மணலில் கிணறு வெட்டி, பம்பு வைத்து, தெருவுக்குத் தெரு குழாய் போட ஏற்பாடு. சர்க்கார் பணம் ஒரு ஊருக்குள் நுழைந்தால் அது எந்தெந்த வாசலில் நிற்க வேண்டும் என்று அதற்கே தெரியும் போலிருக்கிறது. காண்டிராக்டு ஒரு நாயுடுவுக்குப் போனது. கிணறு வெட்ட ஒட்டர்கள் வந்தார்கள். குழாய் பொருத்த ஜோலார்பேட்டை ரயில்வேயிலிருந்து ஒரு சட்டைக்காரத் துரை, பாதி வெள்ளைக்காரர், வந்து, நாற்காலி போட்டு உட்கார்ந்து பொருத்தினார். சேரிக்கு மணல் சுமக்கிற கூலி கிடைத்தது. குழாயோ சேரிக்கு முந்தின தெருவோடு நின்றுவிட்டது, பணம் தீர்ந்துபோய்விட்டதாம். சரியாக அந்த இடம் பார்த்துத் தீர்ந்திருக்கிறது பாருங்கள், என்ன சாமர்த்தியம்!

அப்போதுதான் இன்னொன்றும் நடந்தது. உத்தியோகங்களை ஒரே சாதிக்காரர்கள் வாரிக்கொள்ளக் கூடாது, வகுப்புவாரியாக முறை வைத்துக் கொடுக்க வேண்டும் என்று மதராஸ் சர்க்கார் சொல்லியிருந்த காலம். முஸ்லிம்கள் முறைக்கு வந்த பியூன் வேலைக்கு ஆளே வரவில்லை, தோல் தரம் பிரிக்கிறதில் அதைவிட ஜாஸ்தி கிடைத்தது. பம்பு ஷெட்டுக்கு வாட்ச்மேன் இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். ஒன்று சுந்தரமூர்த்திக்கு, மேல்சாதிக்காரர்கள் இருக்கிற மேட்டுத் தெருக்காரன். மற்றது ஆதி திராவிடர் முறை. மணல் சுமந்தபோது ஓவர்சியர் கோதண்டபாணியின் கண்ணில் பட்டிருந்த தாண்டவனுக்கு அது வந்தது.

இரண்டு பேரும் ஒரே நாளில் ஆபீசுக்குப் போனார்கள். சுந்தரமூர்த்தி கையெழுத்துப் போட்டான், அன்றைக்கே வேலையில் சேர்ந்தான். தாண்டவன் கைநாட்டு வைத்தான். மையில் முக்கி அழுத்தினால் காகிதத்தில் ஒரு கறுப்புத் திட்டுதான் விழுந்தது, ரேகை ஒன்றுகூட விழவில்லை. வருஷக்கணக்காகச் சுண்ணாம்பு தின்ற விரலில் ரேகை எங்கேயிருந்து வரும்? இடது கையிலும் அதே கதை. குமாஸ்தா சலித்துக்கொண்டார். சுண்ணாம்புப் பக்கமே போகாமல் இருந்து, தோல் வளர்ந்த பிறகு வந்து சேர்ந்துகொள், வேலை எங்கேயும் ஓடிவிடாது என்று அனுப்பிவிட்டார்.

இங்கேதான் அந்த மடையன் கோட்டை விட்டான். மடையன் என்று ஆத்திரத்தில்தான் சொல்கிறேன். அவன் தொட்டியில் அப்போது தோல் பாதி ஊறிக் கிடந்தது. தொட்டியில் போட்டவன்தான் எடுக்க வேண்டும் என்பது சேரிக்காரர்கள் தங்களுக்குள் வைத்திருந்த கட்டுப்பாடு. நடுவில் ஒருத்தன் விட்டுப் போய், தோல் கெட்டுவிட்டால், பழி அவனோடு நிற்காது. அவன் அண்ணன் தம்பி, பங்காளி எல்லாருக்கும் ஷாப்பில் பேர் கெட்டுப்போகும். மேஸ்திரி அப்துல் வஹாப் நல்ல மனுஷர். விஷயம் கேள்விப்பட்டு அவரே தொட்டிக்கரைக்கு வந்தார்.

“நீ கரையேறுடா. உன் தொட்டிய நான் பாத்துக்கறேன்” என்றார்.

“போட்டவன்தான மேஸ்திரி எடுக்கணும்?” என்று சொல்லிவிட்டு இவன் குனிந்து தோலைப் புரட்டினான்.

முழுத் தொட்டியையும் எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் கரையேறினான். விரல் முன்னைவிட மோசமாக வெந்திருந்தது. அது ஆறி, மேலே ரேகை என்று ஏதோ ஒன்று ஓடுவதற்குள் ஒரு மாதம் போலப் போய்விட்டது. சுந்தரமூர்த்தி முதல் சம்பளம் வாங்கின பிறகுதான் தாண்டவன் வேலையில் சேர்ந்தான். அதனால் என்ன என்று அப்போது எல்லாரும் நினைத்தார்கள், அவன் பெண்டாட்டி கண்ணம்மாள் உள்பட.

வேலை கிடைத்ததே தவிர, குடிக்கிற தண்ணீர்ப் பக்கம் சேரி ஆள் நடமாடுவதாவது என்று ஊரில் முணுமுணுப்பு எழுந்தது. கோதண்டபாணி அதற்கும் ஒரு வழி கண்டார். சுந்தரமூர்த்தி ஷெட்டுக்குள்ளே. தாண்டவன் முள்வேலிக்கு வெளியே, மணலில். மாடு வராமல், பிள்ளைகள் வந்து கல் போடாமல் பார்க்க வேண்டும். தாகம் எடுத்தால் ஆற்று மணலில் தானே ஊற்றுத் தோண்டிக் குடித்துக்கொள்வான். சுந்தரமூர்த்தி பழகுவதற்கு இனிமையானவன், வேலிக்கு மேலே பீடி வீசுவான். இப்படியே ஆறேழு வருஷம் ஓடியது. தாண்டவனுக்கு அதில் வருத்தமும் இல்லை, பெருமையும் இல்லை. பெருமையெல்லாம் கண்ணம்மாளுக்குத்தான். காக்கி உடுப்பைத் துவைத்து, சேரி முழுக்கப் பார்க்கிற மாதிரி வேலியில் காயப்போடுவாள். மகளுக்கு நல்ல இடத்தில் சம்பந்தம் வரும், சர்க்கார் ஆள் மகள் என்று வருவார்கள் என்று அந்த ஒரே ஆசையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுக்கு மேல் உலகமே படுத்துவிட்டது. சீமையில் தோல் வாங்க ஆளில்லை. ஷாப்புகளில் பாதிக்கு மேல் பூட்டு. சர்க்காரும் கையை இறுக்கியது. தெருவிளக்கை நிலா இல்லாத நாளில் மட்டும் ஏற்றினார்கள். ரோட்டில் குழி விழுந்தால் விழுந்ததுதான். கடைசியில் ஆள்குறைப்பு என்று வந்தது. ஒவ்வொரு பிரிவிலும் கடைசியாகச் சேர்ந்தவன் முதலில் போக வேண்டும். கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது! யார் எப்போது உள்ளே விடப்பட்டார்கள் என்று மட்டும் கேட்கக் கூடாது. பம்பு ஷெட்டில் இரண்டு வாட்ச்மேனில் ஒருத்தன் போக வேண்டும். சுந்தரமூர்த்தி சர்வீஸில் ஒரு மாதம் மூத்தவன்.

பழைய தொட்டி வேலையாவது கிடைக்குமா என்று தாண்டவன் மேஸ்திரியைப் போய்ப் பார்த்தான். அப்துல் வஹாபே வேலையில்லாமல் பூட்டின ஷாப்பின் வாசலில் உட்கார்ந்திருந்தார். தொட்டியெல்லாம் காய்ந்து வெடித்துக் கிடக்கிறது என்றும், தன் வீட்டிலேயே ஒரு வேளைதான் அடுப்பு எரிகிறது என்றும் சொன்னார். அந்த மாதம் ஏன் கரையேறாமல் போனாய் என்று அவர் கேட்கவில்லை.

கோதண்டபாணி அவனைக் கூப்பிட்டு அனுப்பினார். முகத்தைப் பார்க்காமல், மேஜையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“ஒரு எடத்துல மட்டும் ஆள் கொறைக்கல. சுகாதாரப் பிரிவு. கக்கூஸ் வண்டி. சம்பளம் கொஞ்சம் கம்மி, ஆனா சர்வீஸ் அறுந்து போவாது. இதே காக்கிதான். இன்னா சொல்ற?”

வீடுவீடாக மலம் அள்ளி வண்டியில் கொட்டுகிற அந்த வேலைக்கு எந்தக் காலத்திலும் சிக்கனம் கிடையாது. முறை வைத்துக் கொடுக்கிற உத்தியோகமும் இல்லை அது. தெலுங்கு பேசுகிற சனங்களைச் சித்தூர்ப் பக்கமிருந்து கூட்டிவந்து, ஊருக்கு வெளியே குடிசை போட்டுக் கொடுத்து, அவர்கள் தலையில் கட்டிவைத்திருந்தார்கள். அந்தக் குடிசைகளில் சேரிக்காரர்கள்கூடத் தண்ணீர் வாங்கிக் குடிக்கமாட்டார்கள். எல்லாருக்கும் கீழே ஒருத்தர் வேண்டும் என்கிற புத்தி சேரியை மட்டும் விட்டுவிடுமா?

தாண்டவன் சரிங்க என்றான். கோபம் வரும் என்று ஒரு நிமிஷம் காத்துப் பார்த்தான், வரவில்லை. அழுகையும் வரவில்லை. வெளியே வந்து, வெயிலில் நடந்து, வீட்டுக்குப் போனான்.

கண்ணம்மாள் வாசலிலேயே நின்றிருந்தாள். என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

“வேல போவல” என்றான்.

அவள் அப்படியே உட்கார்ந்து ஓவென்று அழுதாள், சந்தோஷத்தில். பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுச் சொன்னாள். மாரியம்மனுக்குக் கற்பூரம் ஏற்றிவிட்டு வந்தாள். மகளை அணைத்துக்கொண்டாள். தாண்டவன் மீதியைச் சொல்ல வாயெடுக்கவில்லை. அவளை அப்படிப் பார்த்துப் பல மாதம் ஆகியிருந்தது.

ஒரு வாரம் விடியுமுன்பே கிளம்பிப் போனான். வேலை முடிந்ததும் ஆற்றில் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தான். ஆனால் மேட்டுத் தெருவில் சாணி தட்டப் போகிற சேரிப் பெண்கள் இருக்கிறார்களே, அவர்களுக்குக் கண் இல்லையா? ஒருத்தி பார்த்தாள். சாயங்காலத்துக்குள் சேரி முழுக்கத் தெரிந்துவிட்டது. கிணற்றடியில் கண்ணம்மாள் குடத்தோடு நின்றபோது முன்னால் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். யாரும் அவளைப் போ என்று சொல்லவில்லை. அவர்கள் இறைத்து முடிக்கிறவரைக்கும் தள்ளி நின்று, அவள் கடைசியில் இறைத்துக்கொண்டு வந்தாள்.

அன்றைக்குத் தாண்டவன் வந்தபோது அவள் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. அவன் எப்போதும் போல் குனிந்து உள்ளே நுழையப் போனான். அவள் களியை மண்சட்டியில் போட்டு எடுத்து வந்து, வாசலுக்கு வெளியே தரையில் வைத்தாள்.

“பொண்ணு இருக்குறா. நாலு பேரு பாப்பாங்க. இங்கயே துன்னு” என்றாள். குரல் கெஞ்சுகிற மாதிரிதான் இருந்தது.

தாண்டவன் அவளைப் பார்த்தான். உள்ளே மகள் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் தரையில் உட்கார்ந்து, களியைப் பிட்டு, மெதுவாகத் தின்று முடித்தான். தண்ணீர் வேண்டும்போல் இருந்தது. கேட்காமல் இரண்டு கையையும் சேர்த்து நீட்டினான், அவள் எட்ட நின்று ஊற்றினாள்.