கடலைப் பார்த்து நின்றவர்

தேர்வுப் பணி முடிந்து பாராடாங் தீவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். ஃபெர்ரிக்காகப் பேருந்து படகுத்துறையில் நின்றபோது சிக்னல் கிடைத்து, காலையிலிருந்து தேங்கியிருந்த செய்திகள் கைபேசியில் வந்து விழுந்தன. ரெஜினாவின் மகள் மெர்லினுடையது ஒரே வரி. "அம்மா போயிட்டாங்க ஆன்ட்டி." ஃபெர்ரி வந்தது. ஏறினோம், அக்கரையில் இறங்கினோம். லம்பா லைனில் வீடு வந்து சேரும்வரை யாரிடமும் நான் சொல்லவில்லை. சொல்லாதவரை அது கடலுக்கு அப்பால் மெயின்லேண்டில் யாருக்கோ நடந்ததாக இருந்தது.

ரெஜினா சிகிச்சைக்காகத்தான் சென்னை போனார். தூத்துக்குடிப் பக்கம், அவருடைய அண்ணனின் ஊரில் அடக்கம் செய்துவிட்டார்கள். எங்களில் யாரும் முகம் பார்க்கவில்லை. பூ வைப்பதற்கு இந்தத் தீவில் அவருக்கு ஒரு கல்லறை இல்லை. அவரோடு ஆண்டுதோறும் கடற்கரைக்கு வந்த குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருவரும் ஒரே கல்லூரியில் வேலை பார்த்தோம். அவர் வணிகவியல், நான் பொருளாதாரம். ஆசிரியர் அறையில் பக்கத்துப் பக்கத்து மேசை, குடியிருந்ததும் ஒரே தெரு. சுற்றுச்சூழல் விழாக்கள் எதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. பேனர் கட்டுவார்கள், ஒரு மரக்கன்று நடுவார்கள், அடுத்த ஆண்டு அதே குழியில் இன்னொன்று நடுவார்கள். இதை ஒருமுறை ரெஜினாவிடம் சொன்னேன். "சரிதான் மேடம், பேனர் வேண்டாம். பிள்ளைகளையும் சோத்துத் தூக்கையும் எடுத்துட்டுக் கடலுக்குப் போவோம். நீங்களும் வாரீங்க" என்றார். எனக்குப் பிள்ளைகள் இல்லை என்றேன். "சோறு இருக்குல்லா?"

அந்த யோசனைக்குப் பின்னால் மெர்லின் இருந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சுனாமி வந்தபோது அவர்கள் ஹட் பே என்ற கடலோர ஊரில் இருந்தார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடித் தப்பினார்கள். அதன்பின் இங்கே எல்லா வீடுகளிலும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: கடல் பின்னால் போனால் திரும்பிப் பார்க்காமல் ஓடு. மெர்லின் அதை நன்றாகவே கற்றுக்கொண்டாள். கடல் தினமும் வற்றுகிற சாதாரண வற்றத்தைப் பார்த்தாலும் மேட்டுக்கு ஓடிவிடுவாள். தீவில் பிறந்த பெண் ஈர மணலில் கால் வைக்க மாட்டாள்.

மார்ச், ஏப்ரல் மாதங்களை வசந்தம் என்று சொல்லலாமா என்று தெரியவில்லை. மழை இன்னும் தொடங்காது, கடல் அசையாமல் கிடக்கும், அவ்வளவுதான். அப்படி ஒரு ஏப்ரலில், ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை, முதல்முறையாகப் போனோம். பிற்பகலில் கடல் வற்றிப் பாறைத் தளம் வெளியே வந்திருந்தது. குழிகளில் தங்கிய நீரில் நட்சத்திர மீன்களும் கடல் அட்டைகளும் கிடந்தன. எதையும் தொடக்கூடாது, ஒரு சிப்பியைக்கூட எடுத்துப்போகக் கூடாது என்பது ரெஜினாவின் சட்டம். "சலோ, எல்லாரும் கையைப் பின்னால கட்டு!" என்று அவர் கத்தினால் குழந்தைகள், தாய் தகப்பன், கல்லூரி ஆசிரியர்கள் எல்லோரும் பின்னால் கைகட்டி, குனிந்து, இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த அதிகாரிகளைப் போல நடப்போம்.

மெர்லின் மட்டும் கரையில் விழுந்து கிடந்த மரத்தின்மேல் ஏறி நின்றாள். ரெஜினா அவளைக் கெஞ்சவில்லை, இழுக்கவும் இல்லை. பாறைத் தளத்தின் விளிம்புவரை நடந்துபோய், எங்களுக்கு முதுகைக் காட்டிக் கடலைப் பார்த்து நின்றார். "எம்மா, நான் கடலையே பாத்துட்டு நிக்கேன். கண்ணை எடுக்க மாட்டேன். நீ குட்டையைப் பாரு" என்று திரும்பாமலே சத்தமாகச் சொன்னார். வெகுநேரம் கழித்து அவள் இறங்கினாள். முதல் குட்டைவரைதான் வந்தாள். அடுத்த ஆண்டும் வருவதற்கு அது போதுமானதாக இருந்தது.

ஆனால் அடுத்த ஆண்டு கடல் வற்றவில்லை. பௌர்ணமியிலும் அமாவாசையிலும் கடல் நன்றாக வற்றும். ஈஸ்டரும் பௌர்ணமியை ஒட்டி வருவது. எனவே ஈஸ்டர் திங்கள் போனால் போதும் என்று ரெஜினா முடிவுகட்டியிருந்தார். அந்த ஆண்டு பௌர்ணமி முடிந்து ஒரு வாரம் தள்ளித்தான் ஈஸ்டர் வந்தது. இதை யாரும் கவனிக்கவில்லை. அத்தனை குடும்பங்களும் தூக்குப் பாத்திரங்களோடு போய் நின்றபோது தண்ணீர் கரை மரங்களின் வேர்வரை ததும்பிக்கொண்டிருந்தது. "கடல் இன்னைக்கு லீவு" என்றார் ரெஜினா. பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் ஹமீது பாய், பிரியாணிச் சட்டியை மணலில் இறக்கிவைத்து, "கடலுக்கு லீவு, எனக்குக் கடையும் லீவு. சட்டியைத் திறங்க டீச்சர்" என்றார். சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பினோம்.

பௌர்ணமிக்கு மாற்றலாம் என்றால் அது ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வாரத்தில் வந்து விழும். அப்போது பூசையை விட்டுவிட்டு யாரும் கடற்கரைக்கு வர மாட்டார்கள். எனவே ஈஸ்டர் கழிந்து வரும் அமாவாசை என்று ரெஜினா நாள் குறித்தார். "ஈஸ்டர் விருந்து, அமாவாசையில, என் வீட்டுப் பிரியாணி. யார் கோவிச்சுக்குவாங்கன்னே புரியலையே டீச்சர்" என்றார் ஹமீது பாய். "கடல் கோவிக்காது பாய். அது போதும்." அன்றிலிருந்து அதுதான் நாள்.

தண்ணீர் திரும்பத் தொடங்கியதும் ரெஜினா கை உயர்த்துவார், நாங்கள் கரையேறுவோம். சாப்பிடும்போது ஒவ்வொருவரும் தாம் பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும். எனக்கு அது சிறுபிள்ளைத்தனமாகப் பட்டது. ஓர் ஆண்டு, "நான் ஒன்றும் பார்க்கவில்லை" என்றேன். "அப்போ அடுத்த வருசம் வரணும்லா மேடம். பாக்காதவங்களுக்குத்தான் மறுபடி டிக்கெட்" என்றார். அவரிடம் ஒரு குழந்தை, "ஆன்ட்டி, நீங்க என்ன பாத்தீங்க?" என்று கேட்டது. "கடலைப் பாத்தேன். அது இடத்துலயே இருக்கு." எல்லோரும் சிரித்தோம். எல்லா ஆண்டும் அவர் சொன்னது அதைத்தான். அத்தனை ஏப்ரல்களிலும் அவர் ஒரு குட்டையைக்கூடக் குனிந்து பார்க்கவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. மெர்லின் வளர்ந்து, பயம் தெளிந்து, பாறைத் தளத்தின் கடைசிவரை நடக்கப் பழகிய பிறகும், வேலைக்காக மெயின்லேண்ட் போன பிறகும், அவர் அங்கேயே நின்றார்.

இந்த ஆண்டு யாரும் அந்த நாளைப் பற்றிப் பேசவில்லை. நானும் பேசவில்லை. ஆட்களைக் கூப்பிட்டுச் சேர்ப்பது எனக்கு வராது. அதோடு, அவர் இல்லாமல் போவது ஒரு சடங்காகிவிடும் என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஈஸ்டருக்கு மறுநாள் மெர்லின் கூப்பிட்டாள். "அமாவாசை என்னைக்குன்னு பாத்தீங்களா ஆன்ட்டி?" பார்த்து வைத்திருந்தேன். "அப்போ நான் டிக்கெட் போடுறேன். எல்லாருக்கும் நீங்க சொல்லிடுங்க." இந்த ஆண்டு நின்றால் இனி எந்த ஆண்டும் நடக்காது என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது. அன்று மாலை நான் தெருவில் வீடு வீடாகப் போனேன். என்னைத் தங்கள் வாசலில் பார்த்த ஆச்சரியத்தில் யாரும் மறுக்கவில்லை.

அன்று அங்கே நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். கடல் நன்றாக வற்றியிருந்தது. எல்லோரும் கரையில் நின்றோம், யாரும் இறங்கவில்லை. ஹமீது பாய்கூடச் சட்டியைக் கீழே வைக்காமல் நின்றார். விளிம்பில் அந்த இடம் காலியாக இருந்தது. குழந்தைகள் என்ன ஆயிற்று என்று கேட்கத் தொடங்கினார்கள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தேன். அங்கே போய் நின்றதும் மெர்லின் என்ன செய்கிறாள் என்று பார்க்கத் திரும்பினேன்.

"ஆன்ட்டி, கடலைப் பாருங்க. என்னைப் பாக்காதீங்க!"

திரும்பிக்கொண்டேன். பிறகு "சலோ, கையைப் பின்னால கட்டு!" என்று அவள் கத்துவதும், தண்ணீரில் கால்கள் அளைவதும் கேட்டன. "இங்க வாயேன், நண்டு நண்டு", "தொடாத", "அம்மா, இது என்னைப் பாக்குது." ஒவ்வொரு குரலும் யாருடையது, எங்கிருந்து வருகிறது என்று திரும்பாமலே எனக்குத் தெரிந்தது. ரெஜினாவும் இப்படித்தான் எங்களைக் கேட்டுக்கொண்டு நின்றிருப்பார். எல்லாக் குரல்களும் இருந்தன. திரும்பாதவரை அவருடையதும் அவற்றோடு இருக்கும் என்று தோன்றிக்கொண்டே இருந்ததால் கடைசிவரை நான் திரும்பவில்லை.

தண்ணீர் கணுக்காலைத் தொட்டபோது கை உயர்த்தினேன். எல்லோரும் கரையேறினார்கள். சாப்பிடும்போது என் முறை வந்தது.

"கடலைப் பார்த்தேன்" என்றேன். "அது இடத்திலேயே இருக்கிறது."

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, கடலைப் பார்த்து நிற்கும் அந்த ஓர் இடத்தைத்தான். அடுத்த ஏப்ரலிலும் அங்கே நிற்பேன்.