நாலாவது டயர்

காலை ஆறேகாலுக்குக் கதவைத் திறந்தபோது முதலில் கண்ணில் பட்டவை, எதிர்வீட்டு மதிலில் சாய்ந்து நின்ற நான்கு புது டயர்கள். உலக யுத்தத்தில் எங்கள் துறைமுகத்தில் குண்டு விழுந்ததற்கு அடுத்த வருடம் அது. ரப்பரெல்லாம் யுத்தத்துக்குப் போனதால், ரப்பர் மரம் நிறைந்த நாட்டில் டயர் கிடைக்கவில்லை. என் காரின் டயர்களில் உள்நூல் தெரிந்தது.

எதிர்வீட்டுக்காரரும் என்னைப் போல வாடகைக் கார் ஓட்டுபவர். துறைமுக அலுவலகத்தில், தங்கள் கிளாக்கர்மாரை நிலாவெளியிலிருந்து தினமும் ஏற்றிவர ஒரு கார் வாடகைக்கு எடுக்கப்போகிறார்கள். பெற்றோலும் அவர்களே தருவார்கள். அன்று பத்து மணிக்கு டயர் பார்க்க ஆள் வரும். எங்கள் தெருவில் இருந்தவை இரண்டு கார்கள்.

அவருடைய டயர்கள் கள்ளமாக இருக்கவேண்டும் என்று விரும்பினேன். பழைய டயரில் சூட்டுக்கத்தியால் புதுக் கோடு வெட்டி, நல்ல கம்பனியின் பெயரைச் செதுக்கி, எண்ணெயில் குழைத்த விளக்குக்கரியைப் பூசி விற்பவர்கள் இருந்தார்கள்.

அவர் நான்கையும் காரில் பூட்டி, ஒவ்வொன்றிலும் அரைத்த சந்தனம் தொட்டு வைத்தார். சும்மா வந்தவன்போல் போய் நின்றேன். மூன்றில் சந்தனம் மஞ்சளாகவே காய்ந்தது. முன் வலது டயரில் கறுத்தது.

குனிந்தேன். மற்ற மூன்றிலும் கம்பனிப் பெயர் அச்சில் வார்த்த மேடாக நின்றது. பக்கத்தில் மெல்லிய ரப்பர் மயிர்கள். இதில் மயிர் இல்லை. பெயர் பள்ளமாக இருந்தது. கோட்டின் அடியை நகத்தால் சுரண்டினேன். நூல் தட்டுப்பட்டது. சந்தோஷமாக இருந்தது.

"என்ன அண்ணை, மாடு வாங்க வந்த ஆள் மாதிரிப் பல்லுப் பாக்கிறீங்கள்?"

"இது கள்ள டயர்," என்றேன்.

அவர் சந்தனத்தை விரலால் தேய்த்து மணந்து பார்த்தார். "ஓம், கரிதான். மற்ற மூண்டும் தப்பினது பிள்ளையார் புண்ணியம். நல்லவேளை இப்ப சொன்னீங்கள். வாறவர் கண்டிருந்தால் என்ர கதை முடிஞ்சிருக்கும்."

ஜாக்கியை எடுத்து, தன் பழைய டயர்களில் நல்லதொன்றை அந்த இடத்தில் போட்டார்.

பத்து மணிக்கு வந்தவர் என் காரை ஒருமுறை சுற்றி நடந்தார். எதிர்வீட்டுக் காரை எடுத்துக்கொண்டார்.

புறப்படும் முன் எதிர்வீட்டுக்காரர் கள்ள டயரை என் வீட்டு வாசல் படலையடிக்கு உருட்டி விட்டார். "வேணுமெண்டால் போடுங்கோ அண்ணை. உங்கட டயருகளுக்கு இது பரவாயில்லை."

பின்னேரம் அதை என் காரின் முன் வலது சில்லில் பூட்டினேன்.